ஒரு சாவியைத் தேடி மூன்று இலவச அகராதிகள்

போனில் காசு கட்டி ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்தேன். அந்தச் செயலி (பேர் வேண்டாம், விடுங்கள்) 'யாவே' என்றால் சாவி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. அப்புறம் ஒருநாள் மெக்சிகோ சமையல் வீடியோ ஒன்றில் ஒரு அம்மா யாவேயைத் திறந்து கொத்தமல்லியை அலசுகிறார். சாவியில் எப்படித் தண்ணீர் வரும்?

விடை கிடைத்த இடம் ஸ்பெயினின் அரச மொழிக் கழக அகராதி. கழகம் 1713இல் தொடங்கியது, இப்போதைய 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது, இணையத்தில் முழுக்க இலவசம். யாவே என்று தட்டினால் சாவி, தண்ணீர்க் குழாய், நட்டு முடுக்கும் ஸ்பேனர், மல்யுத்தப் பிடி, கணக்கில் போடும் நெளி அடைப்புக்குறி என்று பட்டியல் நீள்கிறது. திறப்பது, மூடுவது, இறுக்கிப் பிடிப்பது எல்லாமே அவர்களுக்கு யாவேதான். எந்தப் பொருள் எந்த நாட்டில் புழங்குகிறது என்றும் குறித்திருக்கிறார்கள், எனக்கு இதற்காகவே இந்த அகராதி பிடித்துப்போனது.

ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் படு கஞ்சத்தனம். 'லத்தீன் க்ளாவிஸிலிருந்து', அவ்வளவுதான். 'க்ளாவே' என்று இன்னொரு சொல் இருக்கிறது, ரகசியக் குறியீடு, பாஸ்வேர்டு, இசைக்குறி என்றெல்லாம் பொருள். அதைத் தட்டினாலும் அதே க்ளாவிஸ். ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள், முகம் ஏன் வேறு என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது.

அதற்கு விக்சனரி என்ற இணைய அகராதியின் ஆங்கிலப் பதிப்புக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும், ஆனாலும் லத்தீன் சொல்லின் பக்கத்தில் அதன் வாரிசுகளை வரிசையாகப் போட்டிருப்பது வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஸ்பானிஷில் யாவே, இத்தாலியனில் கியாவே, போர்ச்சுகீஸில் ஷாவி, பிரெஞ்சில் க்ளே, ருமேனியனில் கேயே. மழைக்கான லத்தீன் சொல் ப்ளூவியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடுகிறது: ஸ்பானிஷில் யூவியா, போர்ச்சுகீஸில் ஷுவா, இத்தாலியனில் பியோஜ்ஜா, பிரெஞ்சில் ப்ளுயி. க்ள, ப்ள என்று தொடங்கியவை ஸ்பானிஷ்காரர் வாயில் ய ஆகவும் போர்ச்சுகீஸியர் வாயில் ஷ ஆகவும் தேய்ந்திருக்கின்றன, பிரெஞ்சு மட்டும் பிடிவாதமாக அப்படியே வைத்துக்கொண்டது. யாவே தலைமுறை தலைமுறையாக வாயில் புரண்டு வந்த சொல். க்ளாவே பிற்பாடு படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டது, அதனால்தான் தேயவில்லை.

போர்ச்சுகீஸில் இன்று ஷ என்று ஒலிப்பது 16ஆம் நூற்றாண்டில் அழுத்தமான ச்ச ஒலி. அப்போது கப்பலில் வந்திறங்கியதுதான் நம் 'சாவி', ஹிந்தியின் 'சாபி'யும் அதே சரக்கு. திறவுகோல் என்று நம்மிடம் சொல் இருந்தும் வீட்டில் தொலைவதென்னவோ சாவிதான்!

மூன்றாவது, பிரெஞ்சு மொழிக் கருவூலம் என்ற அகராதி. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக அச்சில் வந்ததை அப்படியே இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சொற்பிறப்புக்கென்று தனிப் பகுதி உண்டு, ஒரு பொருள் எழுத்தில் முதலில் எப்போது தென்பட்டது என்று ஆண்டோடு தருகிறது. கீபோர்டுக்கு அவர்கள் சொல்லும் 'க்ளாவியே'கூட இந்தச் சாவி வீட்டுப் பிள்ளைதான். 2025 மே மாதம் போப் தேர்தலின்போது செய்தியில் ஓயாமல் கேட்ட 'கான்க்ளேவ்' மட்டும் என்ன, சாவி போட்டுப் பூட்டும் அறைக்கு லத்தீன்காரர் வைத்த பெயர். எழுத்து பொடியாக இருக்கும், சுருக்கக் குறிகள் ஏராளம், முழுக்கப் பிரெஞ்சு. ஓரளவு தெரியாமல் உள்ளே போனால் திண்டாட்டம்தான்.

இப்போது பொருளுக்கு முதலில் ஸ்பானிஷ் அகராதி, உறவுமுறைக்கு விக்சனரி, நேரமும் பொறுமையும் இருந்தால் பிரெஞ்சு என்று போகிறேன். செயலிக்குக் கட்டிய சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.