முட்டோடு போனோம், பம்போடு வந்தோம்: ஒரு கொழும்பு ஆஸ்பத்திரி அனுபவம்

மச்சாளின் கலியாணத்துக்குப் போய் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்றபோது, ஒருநாள் விடியப்புறம் பெரியம்மாவுக்கு முட்டு (ஆஸ்துமா) வந்து ஒரு வசனத்தைக்கூடச் சொல்லி முடிக்க ஏலாமல் போய்விட்டது. ஓட்டோ பிடிக்க ஓடிய தம்பியை மறித்து 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தோம். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ்தான். வாகனத்திலேயே ஒட்சிசன் பூட்டினார்கள், ஒரு சதம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவசர பிரிவில் பெரிதாகக் குறை சொல்ல இல்லை: விரலில் ஒட்சிசன் பார்த்து, உடனே மருந்தை ஆவிபோல் இழுக்க வைக்கும் நெபுலைசர் வைத்து, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் தந்தார்கள். அந்தக் குளிசை வேலை செய்ய மணிக்கணக்காகும், அதனால்தான் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் மட்டும் ஊதச் சொல்லவே இல்லை, அது விலைகூடின சாமானும் இல்லை.

வீட்டுக்கு விட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில், மிஸ் (தாதி) விளக்கியது சிங்களத்தில், பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். அவர் பம்ப் (இன்ஹேலர்) அடிக்கும் முறையை ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டில் நான் பார்த்தால், அமத்தி முடிந்த பிறகுதான் மூச்சை இழுக்கிறார், மருந்தில் பாதி நாக்கில். தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பையோ "இப்ப சுகம்தானே" என்று எப்போதோ விட்டுவிட்டாராம், முட்டு வரும்போது அடிக்கும் நீலப் பம்ப் மட்டும் ஓடுகிறது. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா, அந்த நீலப் பம்பில் இருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் நம்பியிருப்பதை 2019லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இது கொழும்பின் குறை மட்டும் இல்லை. நான் இருக்கும் பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் ஒரு அறிக்கை வந்தது. மூன்றில் இரண்டு பங்கில் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள் இருந்தன. அங்கே இப்போது வீட்டுக்குப் போய் இரண்டு வேலைநாளுக்குள் குடும்ப வைத்தியர் நிலையத்தில் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டல், எல்லா இடமும் நடக்கிறதா என்பது வேறு கதை.

கொழும்பில் இதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை. மூன்று மொழியிலும் ஒரு தாள்: எந்தப் பம்ப் எப்போது, எந்த நிலையில் திரும்ப ஓடி வர வேண்டும். போக முன் ஒரு மிஸ் பக்கத்தில் நின்று பம்ப் அடிக்க வைத்துப் பார்த்தால் போதும். அப்புறம் ஸ்பேசர், அதாவது பம்பின் வாயில் பூட்டி மருந்தை ஆறுதலாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாய். உயிராபத்து இல்லாத முட்டுக்கு ஸ்பேசரோடு அடிக்கும் பம்ப் நெபுலைசருக்குச் சமம், ஆனால் எங்கட ஆட்களுக்கு ஆவி வந்தால்தான் மருந்து.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் முட்டுக்காரர் இருந்தால் ஒரு ஸ்பேசர் கொண்டுபோங்கள். சூட்கேசில் அத்தனை சொக்லேட்டுக்கு இடம் இருந்தால் இதற்கும் இருக்கும்.