பிளஃப் பிடிக்கிறேன் என்று நான்கு வருடம்

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த கையோடு ஆன்லைன் போக்கர் ஆட உட்கார்ந்தேன். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்தபோது எழுந்தேன். நடுவில் 2023இல் மாநிலச் சட்டத்தால் ஆட முடியாமல் போன மாதங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். எல்லாம் 5/10 ரூபாய் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் காசு) மேசைகள், டெக்சாஸ் ஹோல்டம் மட்டும்: கையில் ரகசியமாக இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து.

ஒரு நோட்டு வைத்திருந்தேன். ரிவரில், அதாவது கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, எதிராளி பெரிதாகப் பந்தயம் கட்டி, நான் ‘இது பிளஃப்’, அதாவது நல்ல சீட்டில்லாமல் காட்டும் பொய் வீரம், என்று நினைத்துக் கால் செய்த (அதே தொகையை நானும் போட்ட) கைகள் மட்டும் அதில் ஏறும். இடது பக்கம் பிளஃப், வலது பக்கம் நிஜமான கை. ஆறு மாதத்தில் வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. இடது பக்கம் பாதிகூட நிரம்பவில்லை. நோட்டைப் பார்த்த நண்பன் சொன்னான்: “உனக்கு ஃபோல்டு பண்ண, சீட்டைப் போட்டுட்டு விலக, மனசில்லடா. அதுக்குப் பேரு பிளஃப் பிடிக்கிறதா?”

சின்ன மேசைகளில் ஆட்கள் நாம் நினைக்கிற அளவுக்குப் பிளஃப் செய்வதில்லை. பொய் சொல்லப் பயம், அவ்வளவுதான். முக்கியமாக, ரிவரில் நாம் கட்டிய பிறகு எதிராளி ரெய்ஸ் செய்தால் (தொகையை ஏற்றினால்), ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு வீரம் காட்டக்கூடாது. வலது பக்கத்தை நிரப்பியதில் பெரும்பங்கு அந்தக் கைகளுக்குத்தான்.

சரி, இடது பக்கத்தில் இருந்தவை எப்படி மாட்டின? ஒரு கையை அப்படியே சொல்கிறேன். டீலர் இடத்தில் இருந்தவர் 30க்கு ரெய்ஸ் செய்தார். பெரிய பிளைண்டில் எனக்கு இஸ்பேட் ராஜா, கிளாவர் ராணி. கால் செய்தேன், சின்ன பிளைண்டின் 5 சேர்த்து பாட் (நடுவில் சேர்ந்த காசு) 65. ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் எட்டு, கிளாவர் நாலு. நான் செக் (எதுவும் கட்டாமல் விட்டேன்), அவர் 40 கட்டினார், கால். டர்னில், அதாவது நாலாவது சீட்டாக, டைமண்ட் ரெண்டு, இருவரும் செக். ரிவரில் இஸ்பேட் மூணு. நான் செக் செய்ததும் அவர் பாட் அளவுக்கே 145 கட்டினார்.

அவர் சொல்ல வரும் கதை என்ன? மூன்று எட்டோ, ராஜா-எட்டு இரண்டு ஜோடியோ கையில் இருந்தால், ஆர்ட்டின் ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) விழ வாய்ப்புள்ள இடத்தில் டர்னைச் சும்மா விட்டிருப்பாரா? அங்கேயே காசு கேட்டிருப்பார். கடைசியில் வந்த மூணு யாருக்கும் பெரிதாக உதவாத சீட்டு. கணக்கும் எளிது: 290ஐ எடுக்க நான் 145 போடுகிறேன், மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் நஷ்டமில்லை. கால் செய்தேன். ஆர்ட்டின் ஜாக்கி, ஆர்ட்டின் பத்து. விழாத ஃப்ளஷ்.

அதே கையில் என்னிடம் ஆர்ட்டின் ஏஸ் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். தப்பிப்போன ஃப்ளஷ்ஷோடு அவர் பிளஃப் செய்யும் வாய்ப்பில் ஒரு பங்கை என் சீட்டே அடைத்துவிடுகிறதே. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆரம்பத்தில் இதற்கு நேர் தலைகீழாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். எதிராளி கடிகாரம் ஓடி முடியும்வரை விட்டுவிட்டு ஆல்-இன் (இருக்கிற காசு மொத்தமும்) போனால் தயங்குகிறார், பயப்படுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வலது பக்கம் போய்ப் பாருங்கள்: நிறைய பேர் நல்ல கையை வைத்துக்கொண்டு நாடகம் போட்டவர்கள். அப்புறம் சிக்னல் போயிருக்கலாம், நாலு மேசை ஆடிக்கொண்டிருக்கலாம், அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம். நேரத்துக்கு நான் பத்துக்கு மூணு மார்க்தான் கொடுப்பேன்.

அதைவிட நம்பகமானது, தோற்றுச் சூடான ஆள். பெரிய பாட்டை இழந்து, உடனே காசு ஏற்றிக்கொண்டு, அடுத்தடுத்து எல்லாக் கையிலும் நுழைகிறார் என்றால், அந்தப் பத்து நிமிடம் அவருடைய பெரிய பந்தயத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் சூடானவர் நாமாக இருக்கும்போது எல்லாரும் பிளஃப் செய்வதுபோலத் தெரியும். அந்த மாதிரி ஒரு ராத்திரி மட்டும் நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது. மூன்றும் வலது பக்கம்.

முகம் தெரிந்தால் சுலபம் என்று சொல்கிறவர்களுக்கு 2003 உலகப் போக்கர் தொடரை நினைவூட்டுவேன். 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக நுழைந்த கிறிஸ் மணிமேக்கர், இறுதி மோதலில் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு ஆல்-இன் போனார். எதிரே உட்கார்ந்திருந்த சாம் ஃபார்ஹா கையில் ஒன்பதின் ஜோடி. முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்து, ஃபோல்டு செய்துவிட்டார்.

இப்போது கை அரித்தால் இலவச சில்லு மேசைதான். போன வாரம் ஒன்றுமே இல்லாத கையோடு ரிவரில் ஆல்-இன் போய்ப் பார்த்தேன். மூன்று பேர் கால் செய்தார்கள். ஒருவரிடம் ரெண்டின் ஜோடி, ஒருவரிடம் நாலின் ஜோடி, இன்னொருவரிடம் என்னைவிடப் பெரிய ஒற்றைச் சீட்டு.