கழுந்தா, கயிறா: ரோமானியர் பலகை இணைத்த இரு வழிகள்

பிரான்சின் தென்கரையில், மத்ராக் தெ ஜியான் என்ற இடத்தில் மூழ்கிக் கிடந்த ரோமானியச் சரக்குக் கப்பல் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். ஆயிரக்கணக்கான மதுச் சாடிகளை மூன்று அடுக்காகத் தாங்கியது.

அதன் வலிமை பலகை விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் வரிசையாகக் குழி வெட்டி, அதில் மரக்கழுந்தைச் (இரு பலகைகளையும் பிணைக்கும் தட்டையான மரத்துண்டு) செருகி, மேல் பலகையை அதன்மேல் இறக்குவார்கள். பிறகு கழுந்தை ஊடுருவித் துளையிட்டு, மரமுளை அடித்து இறுக்குவார்கள். ஒரு குழி சற்றே விலகினாலும் பலகை உட்காராது. இப்படி வெளிக்கூட்டை எழுப்பிக்கொண்டு, அதற்கேற்ப விலாக்கட்டைகளைப் பொருத்தினார்கள். கூடுதான் கப்பல், விலாக்கட்டைகள் துணை மட்டுமே. எத்தனை ஆயிரம் குழிகள், எத்தனை கைகள்! நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

இத்தாலியின் கொமாக்கியோவில் 1980-ல் கிடைத்த கப்பலோ பெரும்பாலும் கயிற்றால் தைக்கப்பட்டது. நீளம் சுமார் 21 மீட்டர், அடிப்பகுதி தட்டை. சரக்கில் ஈயப் பாளங்களும் இருந்தன. சென்னைக் கடற்கரையில் ஓடிய மசூலா படகும் தைத்ததுதான் என்பதால் இந்தக் கப்பல்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

தையல் வளைந்துகொடுக்கும், பிரித்துப் பழுதுபார்க்கலாம். ஆனால் கயிறு நைந்துபோகும். ஆழமில்லாத கரையோரத்துக்கு நான் தையலைத்தான் தேர்வேன். நானூறு டன் சுமையோடு நடுக்கடலைத் தாண்ட வேண்டுமென்றால் கழுந்துதான்.