விக்டோரியனா, எட்வர்டியனா?

பிரிட்டனில் வீட்டுக்குப் பின்னால் கன்சர்வேட்டரி எனும் கண்ணாடி அறை கட்ட நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். விக்டோரியன் பாணியில் தோட்டத்தைப் பார்த்த முகப்பு 3 அல்லது 5 பட்டைகளாக வளையும். கூரை செங்குத்தாக ஏறும், முகட்டில் அலங்கார வேலைப்பாடு. 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீட்டுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் சோபாவைப் போட்டுப் பாருங்கள், அந்தச் சாய்ந்த மூலைகளில் ஒட்டி உட்காராது. எட்வர்டியனில் தரை சதுரம் அல்லது செவ்வகம். ஒரு மூலையும் வீணாகாது. பார்க்கக் கொஞ்சம் சாதுதான், இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. சரி, மாடியில்லாத தாழ்ந்த வீடு என்றால்? இரண்டு பாணிக் கூரையுமே பெரும்பாலும் வீட்டுக் கூரையின் விளிம்பில் முட்டும். ஒரே பக்கமாகச் சரியும் கூரைதான் வழி. அப்புறம், தெற்குப் பார்த்த பக்கமானால் கோடையில் உள்ளே வெந்துவிடும். கூரையில் திறக்கும் சன்னல் கேட்டு வாங்குங்கள்.