"எல்1 என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்ற பேச்சை நம்பி ஏமாந்தோம்

ஆய்வகத்துக்கு எச்பிஎல்சி காலம் (column; மருந்துக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில் பூட்டும், நுண்துகள் அடைத்த குழாய்) வாங்கப் போகிறவர்கள் ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களிடம் இருந்த சி18 (18 கார்பன் சங்கிலி பிணைத்த) காலம் உழைத்து ஓய்ந்துவிட்டது. நீளம் 250 மி.மீ., உள்விட்டம் 4.6 மி.மீ., துகள் 5 மைக்ரான். அதே அளவில் விலை குறைவாக வேறொன்று தருகிறேன் என்று ஒரு சப்ளையர் வந்தார். "ரெண்டும் எல்1தானே, வித்தியாசமே இருக்காது" என்றார். நம்பி வாங்கினோம்.

எல்1 என்பது சி18 பிணைத்த சிலிக்காவுக்கு யுஎஸ்பி (அமெரிக்க மருந்துத் தர நூல்) வைத்திருக்கும் வகைப் பெயர், அவ்வளவுதான். சிலிக்கா எவ்வளவு சுத்தம், கார்பன் எத்தனை சதவீதம், எண்ட்கேப்பிங் (சிலிக்கா மேல் மிஞ்சிய சிலனால் என்ற ஹைட்ராக்சில் இடங்களை மூடுவது) உண்டா என்பதெல்லாம் அதில் தெரியாது. எங்கள் மருந்தோ அமீன் உள்ள காரம். மூடாமல் விட்ட சிலனால்கள் அதைப் பிடித்துக்கொள்ள, வரைபடத்தில் மருந்தின் பீக் வால் நீண்டது. அந்த வாலை அளக்கும் டெயிலிங் எண் 1.3 ஆக இருந்தது 2.6 ஆனது, எங்கள் முறையில் அனுமதி 2 வரைதான். காலம் வழியே ஓடும் கரைசலான மொபைல் ஃபேஸை மாற்றித் தயாரித்தோம், பிஎச் பார்த்தோம், முன்னால் பூட்டும் சிறிய பாதுகாப்புக் குழாயான கார்டு காலத்தையும் மாற்றினோம். இரண்டு வாரம் போனது. எங்கள் வேலையில்தான் தப்பு என்று ஜூனியர் பெண் ஒருவர் கலங்கிப்போனார். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த சர்டிபிகேட்டை எடுத்தோம். அதிலிருந்த சீரியல் நம்பர் வேறு, குழாயின் மேல் இருந்தது வேறு. முனைகளில் ஸ்பேனர் பிடித்த கீறல்கள். அதே சர்டிபிகேட்டில் சொன்ன கரைசல், அதே வேகம், அதே நாஃப்தலீன் என்று ஓட்டிப் பார்த்தோம். பிரிக்கும் திறனைக் காட்டும் பிளேட் எண்ணிக்கை, அதில் சொன்னதில் பாதிகூட வரவில்லை. யாரோ ஓட்டித் தள்ளியதைத்தான் எங்களிடம் விற்றிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

போன் செய்தால், "சாம்பிள் இன்ஜெக்ட் பண்ணிட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது" என்றார். அதோடு விடாமல் 1.8 மைக்ரான் காலம் ஒன்றைப் பரிந்துரைத்தார். 5 மைக்ரானிலிருந்து அதற்குப் போனால், அதே நீளத்தில் அதே வேகத்தில் அழுத்தம் ஏறக்குறைய 8 மடங்கு ஏறும். எங்கள் பம்ப் தாங்குவது 400 பார். என்ன கருவி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

பெட்டி வந்ததும் முதலில் சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். சொந்த சாம்பிள் எதையும் செலுத்துவதற்கு முன் சர்டிபிகேட்டில் உள்ள சோதனையை ஓட்டி, அந்தக் குரோமட்டோகிராமைப் பத்திரப்படுத்துங்கள். அதில் தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை.