மண் பாக்டீரியா வளர்க்குற கிட், தாராளமா வாங்கலாம்
ஆன்டிபயாடிக் தயாரிக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவ மண்ணுல இருந்து எடுத்து நாமளே வளர்த்துப் பாக்குற கிட் இது, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மண்ண நல்லா காய வெச்சுப் போட்டா மத்த பாக்டீரியா குறைஞ்சு இது மேல வரும், ஆனா மெதுவாதான், ஒரு வாரமாவது பொறுக்கணும். காலனி, அதாவது கூட்டமா வளர்ந்த பாக்டீரியா புள்ளி, சுண்ணாம்புப் பொடி தூவுன மாதிரி வெள்ளையா, அகார (பாக்டீரியா வளர்ற ஜெல்லி) கெட்டியா பிடிச்சிக்கிட்டு இருக்கும், லேசுல பேராது. பக்கத்துல பேசில்லஸ்ங்கற வேற பாக்டீரியாவ தடவுனா, எல்லா காலனியும் இல்ல, சிலதச் சுத்தி மட்டும் ஆன்டிபயாடிக்கால ஒண்ணுமே வளராத தெளிவான வளையம் விழும், பாத்தப்போ புல்லரிச்சுப் போச்சு! 1943ல மண் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் வாக்ஸ்மன் லேப்ல ஆல்பர்ட் ஷாட்ஸ் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின கண்டுபிடிச்சதும் இந்த இனத்துல இருந்துதான். கையேடு மட்டும் மோசம், முடிஞ்சதும் பாக்டீரியா வளர்த்த தட்ட பிளீச்சுல ஊற வெச்சுதான் தூக்கிப் போடணும்னு ஒரு வரி கூட இல்ல, தட்டத் திறந்து மோந்து பாக்காதீங்க, சின்னப் பசங்க கையில தனியா குடுக்காதீங்க.