டைமர் வரிசை: பூட்டா, ஒரே த்ரெட்டா?

பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே டைமர் வரிசையைப் பகிரும்போது வரும் சிக்கல் இது. ஒரு த்ரெட் டைமரை ரத்து செய்கிறது. அதே கணத்தில் இன்னொன்று அதை வரிசையிலிருந்து எடுத்து கால்பேக்கை, அதாவது நேரம் வந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை, ஓட்டுகிறது. ரத்து செய்த த்ரெட் அதற்குள் அழித்துவிட்ட கனெக்‌ஷனை கால்பேக் தொட்டால் கிராஷ்தான்.

மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடுவது சின்ன மாற்றம். ஆனால் பூட்டைப் பிடித்தபடியே கால்பேக்கை அழைத்தால், அது புது டைமர் வைக்கப் போய் அதே பூட்டுக்குக் காத்து நிற்கும்: டெட்லாக். சரி, பூட்டை விட்டுவிட்டு அழைத்தால்? அந்த இடைவெளியில் பழைய ரேஸ், அதாவது இரு த்ரெட்களின் மோதல், திரும்ப நுழைந்துவிடும். கனெக்‌ஷனை ஷேர்டு பாயின்டரில் (யாராவது பிடித்திருக்கும்வரை பொருளை அழியவிடாத பாயின்டர்) பிடித்து வைக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி, வரிசையை ஈவென்ட் லூப் த்ரெட் (நிகழ்வுகளுக்குக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கவனிக்கும் த்ரெட்) மட்டுமே தொடுவது. மற்ற த்ரெட்கள் கோரிக்கையை அனுப்பி லூப்பை எழுப்பும். லினக்ஸில் அதற்கு ஈவென்ட்எஃப்டி (eventfd) என்ற வசதி இருக்கிறது. ரத்து உடனே நடக்காது, பதில் வரும்வரை கனெக்‌ஷனை அழிக்கக் கூடாது. எனக்கு இதுதான் பிடிக்கும்.